அம்மம்மாவின் சாறியில் 24 பைகள்

2023 டிசெம்பரில் எங்கள் வீட்டில் நாலு அட்வெந்து நாட்காட்டிகள் இருந்தன. இரண்டு நாங்கள் வாங்கியவை. ஒன்று இவரின் வேலையிடத்தில் கொடுத்தது. நாலாவதை மேல்மாடியில் இருக்கும் ஜேர்மன் அம்மா பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்து தந்தார். நாலிலும் சொக்லேற்தான். 9ஆம் திகதி சின்னவனின் கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது ஒரு பெட்டி தும்புத்தடியோடு வெளியே வந்தது. 24 கதவும் திறந்து கிடந்தன. அவனைப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஒரு நொடியில் வாயில் கரைந்து முடிகிற ஒன்றுக்காக ஐந்து வயதுப் பிள்ளை ஏன் 24 நாள் பொறுத்திருக்கவேண்டும்? அடுத்த வருடம் நானே ஒன்று செய்வது, அதில் தின்பண்டம் வைக்காமல் ஒவ்வொரு நாளும் சேர்ந்து செய்ய ஒரு வேலை வைப்பது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். 2024இல் செய்தேன். அந்தக் கதைதான் இது, அளவுகளோடு.

இந்த நாட்காட்டியை அறியாதவர்களுக்காக: டிசெம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒரு கதவைத் திறந்து உள்ளே இருப்பதை எடுக்கிற மட்டைப்பெட்டி அது. நத்தாருக்கு முன் வரும் நாலு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தை ஜேர்மனியில் எண்ணி எண்ணிக் கழிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் சில வீடுகளில் கதவில் 24 சோக்குக் கோடுகள் கீறி, பிள்ளைகள் நாளுக்கு ஒன்றாக அழிப்பார்களாம். வேறு சில வீடுகளில் பாலன் இயேசுவைக் கிடத்தும் முன்னணையில் நாளுக்கு ஒரு வைக்கோல் வைப்பார்களாம். 1839இல் ஹம்பேர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிஷ் விஷேர்ன் என்ற போதகர், வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுதிரியும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுதிரியும் வைத்தார். நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்ததால் வந்த யோசனை அது. அச்சடித்த நாட்காட்டி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக்கில் கேர்ஹார்ட் லாங் என்பவரால் பரவியது. சின்ன வயதில் அவருடைய தாய் மட்டையில் 24 பிஸ்கற்றுகளைப் பொருத்திக் கொடுத்ததுதான் அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்ததாம். ஆக, இந்தப் பழக்கத்தின் அடியில் வீட்டு வேலைதான் இருக்கிறது. கடைப்பெட்டி பிறகு வந்தது.

என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த மூன்று நூல் சாறிகள் அவரிடம் இருந்தன. கரை கிழிந்துவிட்டது, உடுக்க முடியாது, எறியவும் மனமில்லை. பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று, நாவல் நிறம் ஒன்று. கேட்டதும் தந்துவிட்டார். "பெட்டிக்குள்ள கிடந்து என்ன செய்யப்போகுது, வெட்டு பிள்ளை" என்றார். ஆனால் முதல் வெட்டு விழும்போது குசினிக்குள் போய்விட்டார்.

முடிந்த அளவு 63 செ.மீ. அகலம், 106 செ.மீ. நீளம். ஒரு வரிசைக்கு 4 பைகள், மொத்தம் 6 வரிசை. ஒரு பை 12 செ.மீ. அகலம், 13 செ.மீ. உயரம். பைகளுக்கு இடையிலும் ஓரங்களிலும் 3 செ.மீ. இடைவெளி, மேலே 8, கீழே 5. பைக்கான துணியை 14க்கு 16.5ஆக வெட்டினேன். மேல் வாய்க்கு இரட்டை மடிப்பாக 2.5, மற்ற மூன்று பக்கமும் 1 செ.மீ. உள்ளே போகும். ஒரு சாறியில் எட்டுப் பை.

முதற்பிழை பின்துணியில் நடந்தது. எல்லாம் சாறியாகவே இருக்கட்டும் என்ற ஆசையில் பின்னுக்கும் சாறித் துணியையே இரட்டையாக மடித்துப் போட்டேன். எட்டுப் பை தைத்துத் தூக்கிப் பார்த்தால், வெறும் பையே நடுவில் தொய்ந்து நின்றது. பழைய நூல் துணி தோய்த்துத் தோய்த்து மென்மையாகியிருக்கும். உடுப்பதற்கு அது சுகம், சுமப்பதற்கு உதவாது. எட்டையும் பிரித்தேன், ஒரு முழுப் பின்னேரம் போனது. பிறகு பழைய தடித்த திரைச்சீலை ஒன்றை 67க்கு 114ஆக வெட்டிப் பின்துணியாக்கினேன். பக்கங்களிலும் கீழும் 2 செ.மீ. மடிப்பு, மேலே தடி நுழைய 6 செ.மீ. அது அசையவில்லை. செய்யப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முன்பக்கம் எந்த மெல்லிய துணியும் போடலாம், பின்பக்கம் திரைச்சீலையோ பழைய ஜீன்ஸோ போடுங்கள்.

பைகள் ஒரே அளவில் வர, 12க்கு 13 அளவில் ஒரு மட்டை வெட்டி வைத்துக்கொண்டு, அதைத் துணிக்குள் வைத்து ஓரங்களை அதன்மேல் மடித்து அயர்ன் பண்ணினேன். அளவுகோல் தேவைப்படவில்லை. பின்துணியில் சோக்கால் கட்டம் கீறி, நடு வரிசையில் தொடங்கி வெளிப்பக்கமாகத் தைத்துக்கொண்டு போனால் துணி ஒரு பக்கம் இழுபடாது. பையின் மேல்மூலை இரண்டிலும் முன்னும் பின்னும் நாலு தடவை தையல் போடவேண்டும். பிள்ளைகள் கையை விட்டு இழுப்பது அங்கேதான். சனி, ஞாயிறுக்குரிய பைகளில் சாமான் பெரிதாக இருக்கும் என்று அவற்றின் துணியை 3 செ.மீ. கூட்டி வெட்டி, அடியில் கொசுவம்போல இரண்டு மடிப்பு வைத்தேன். அந்தப் பைகள்தான் பார்க்கவும் அழகு.

இலக்கங்களை உருளைக்கிழங்கு அச்சால் போட்டோம். ஒன்பது அச்சுப் போதும், 6ஐத் திருப்பினால் 9. ஐந்து கிழங்கை நீளமாக வெட்டினால் ஒன்பது பாதிக்கும் தாராளம். முதலில் வெட்டியது 2. அச்சிட்டால் கண்ணாடியில் பார்த்த 2ஆக விழுந்தது. மூத்தவள்தான் கண்டுபிடித்தாள்: "அம்மா, வாத்து மற்றப் பக்கம் பார்க்குது." மெல்லிய தாளில் தடித்த பேனையால் இலக்கத்தை எழுதி, தாளைப் புரட்டிக் கிழங்கில் வைத்து, தெரிகிறபடி வெட்டவேண்டும். 0, 1, 8 மூன்றுக்கும் இந்தக் கவலை இல்லை. வெட்டிய முகத்தைத் தாளால் ஒற்றிக் காயவைக்காவிட்டால் கிழங்கின் தண்ணீர் துணிச்சாயத்தைக் கரைத்துவிடும். கிழங்கைச் சாயத்தில் தோய்க்கவும் கூடாது, பஞ்சால் ஒற்றிப் பூசவேண்டும். ஒரு நாள் காயவிட்டு, மறுபக்கமாக நீராவி இல்லாமல் அயர்ன் பண்ணினால் சாயம் நிற்கும். தும்புத்தடியில் 70 செ.மீ. அறுத்து நுழைத்துச் சணல் கயிற்றில் விறாந்தைச் சுவரில் தொங்கவிட்டோம். சாயம், சணல், நூல் எல்லாம் சேர்த்து 11 யூரோ.

தைத்து முடித்தபோது வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கஷ்டமான பகுதி அதன்பிறகு வந்தது.

நான் முதியோர் இல்லத்தில் மாறி மாறி வேலை செய்கிறேன். காலை வேலை, பின்னேர வேலை, இடைக்கிடை இரவு. இவருக்கும் வேலைமுறை கிழமைக்குக் கிழமை மாறும். வலையில் கிடைக்கும் பட்டியல்களில் இருந்தவை எல்லாம் இரண்டு பேரும் ஐந்து மணிக்கு வீட்டில் இருக்கிற குடும்பத்துக்கானவை. ஆகவே நவம்பர் நடுவில் வேலை அட்டவணை கையில் வந்ததும் அதைத்தான் முதலில் விரித்தேன். இருவரும் வீட்டில் இருக்கும் நாளுக்குப் பச்சை, ஒருவர் மட்டும் இருந்தால் மஞ்சள், பிள்ளைகளோடு அம்மம்மா மட்டும் இருக்கும் பின்னேரத்துக்குச் சிவப்பு. எண்ணிப் பார்த்தேன்: பச்சை 9, மஞ்சள் 8, சிவப்பு 7. பச்சைக்குப் பெரிய காரியங்கள், மஞ்சளுக்கு அரை மணி நேரக் காரியங்கள், சிவப்புக்குச் சமாளிக்கக்கூடிய ஏதாவது என்று ஒதுக்கினேன். சிவப்புக்கு எழுதிய சீட்டுகளை இப்போது எடுத்துப் பார்க்க எனக்குக் கவலையாக இருக்கிறது. "படம் கீறு", "அறையை ஒதுக்கு", "கதைப்புத்தகம் பார்". ஏழு நாளை வெறும் இடைவெளியாக நினைத்து நிரப்பியிருக்கிறேன்.

2024இல் டிசெம்பர் 1ஆம் திகதியே முதல் திருவருகை ஞாயிறு. வசதியாக அமைந்தது. ஊசியிலைக் கிளைகளை வளையத்தில் கம்பியால் சுற்றிக் கட்டி முதல் மெழுகுதிரியைக் கொளுத்தினோம். நல்ல தொடக்கம். 3ஆம் திகதி சிவப்பு நாள், "அறையை ஒதுக்கு". மூத்தவள் சீட்டை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டாளாம். அம்மா சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு நாளும் சொல்லி வாங்குகிற வேலையை அழகான பைக்குள் வைத்துப் பரிசு என்று கொடுத்தால் பிள்ளைக்குத் தெரியாதா? அந்த வகைச் சீட்டு எல்லாவற்றையும் அன்றிரவே எடுத்துவிட்டேன்.

10ஆம் திகதி "காட்டுக்குள் நடை" என்று எழுதியிருந்தேன். செவ்வாய்க்கிழமை. இங்கே டிசெம்பரில் பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடும். பள்ளி முடிந்து வந்து சப்பாத்துப் போடுவதற்குள் காடு கறுத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியம்மாவோடு கதைக்கும் சீட்டும் ஒரு வேலைநாள் இரவில் விழுந்திருந்தது. பனிக்காலத்தில் இங்கும் அங்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம். எங்கள் இரவு எட்டு அவருக்கு நள்ளிரவு கடந்த பன்னிரண்டரை. அதைச் சனிக்கிழமைக் காலைக்கு மாற்றினேன். இந்த இரண்டிலும் நான் பழகிய வழி இது: 24 சீட்டையும் எழுதி ஒரு கடித உறைக்குள் வைத்திருங்கள், கூடுதலாக எட்டும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் பைக்குள் வைப்பது அந்தந்த நாளுக்கு முதல்நாள் இரவில் மட்டும். மழை, காய்ச்சல், வேலை நீண்டது, எது வந்தாலும் சீட்டை மாற்றலாம். ஒரு தடவை பைக்குள் கண்ட சீட்டைப் பிள்ளையிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. வாசிக்கத் தெரியாத சின்னவனுக்காகச் சீட்டின் மற்றப் பக்கத்தில் படம் கீறினேன்.

இந்த நாட்டுப் பழக்கங்களைச் சீட்டாக்கியது நன்றாகவே பலித்தது. டிசெம்பர் 4 புனித பார்பராவின் நாள். அன்றைக்கு செறிமரக் கிளையை வெட்டித் தண்ணீரில் வைத்தால் நத்தாருக்குப் பூக்கும் என்பது இங்கத்தைய வழக்கம். பார்பராவைச் சிறைக்குக் கொண்டுபோகையில் அவருடைய உடுப்பில் ஒரு கிளை சிக்கியது, அதைத் தண்ணீரில் வைத்திருந்தார், அவர் கொல்லப்பட்ட நாளில் அது பூத்தது என்று கதை. மேல்மாடி அம்மாவின் தோட்டத்தில் செறி நின்றது, அவரே சின்னவனின் கையைப் பிடித்து மொட்டுள்ள கிளையைக் காட்டினார். உறைபனி படாத கிளை பூக்காது, இன்னும் குளிர் பிடிக்கவில்லை, ஓர் இரவு உறைபெட்டிக்குள் வைக்கச் சொன்னார். அடுத்த நாள் இளஞ்சூட்டு நீரில் கிடத்தி, அடியைச் சரிவாக வெட்டி, சாடியில் வைத்தோம். தண்ணீர் மாற்றும் பொறுப்பு சின்னவனுக்கு. 5ஆம் திகதி வீட்டிலுள்ள எல்லாருடைய சப்பாத்தையும் துடைத்து மினுக்குவது. அன்றிரவு புனித நிக்கொலாஸ் வாசலில் வைத்த சப்பாத்துக்குள் ஏதாவது வைப்பார் அல்லவா, அதனால் "துடை" என்று சொல்லவே தேவைப்படவில்லை. 7ஆம் திகதி பாலனுக்குக் கடிதம். எங்கள் மாநிலத்தில் எங்கெல்ஸ்கிர்ஷென் என்ற ஊரில் நத்தார்க் காலத்தில் ஒரு தபாலகம் இதற்கென்றே இயங்குகிறது. அனுப்பினவரின் முகவரி எழுதினால் பிள்ளைக்குப் பதில் வரும். முத்திரை குத்திய உறை வந்த நாளில் மூத்தவள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தாள்.

இப்போது 13ஆம் திகதி.

வெள்ளிக்கிழமை, சிவப்பு நாள். எனக்குப் பின்னேர வேலை, இவருக்கு இரவு வேலை. ஒளியின் புனிதையான லூசியாவின் நாள் என்பதால் "இண்டைக்கு லைற் போடாமல் மெழுகுதிரியில் சாப்பிடுவோம்" என்று எழுதியிருந்தேன். இருபது நிமிடக் காரியம் என்று கணக்கு. நான் ஒன்பதரைக்கு வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்க இருட்டு, பிள்ளைகள் நித்திரை கொள்ளவில்லை. குசினி மேசையில் அம்மா நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு பேர். மேசையில் கழுவிய ஜாம் போத்தல் ஒன்று.

"அம்மம்மா, பிறகு அந்தத் திரி விழாதோ?"

"விழாது ராசா. சைக்கிள் வால்வுக்குள்ளால திரியை விட்டால் அது பிடிச்சுக்கொண்டு நிக்கும். கீழ கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையிற அளவுக்குத்தான் மண்ணெண்ணெய். கனக்க விட ஏலாது, எண்ணெய் தங்கவிலை. உங்கட அம்மா அந்த வெளிச்சத்திலதான் ஆனா ஆவன்னா எழுதினவா."

சப்பாத்தைக் கழற்றாமலே நின்றேன். 90களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத வருடங்களின் ஜாம்போத்தல் விளக்கு அது. எனக்கு அந்தப் புகை மணமும், காலையில் மூக்குக்குள் கரி பிடித்திருப்பதும் நினைவிருக்கிறது. பிள்ளைகளுக்கு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் சொல்லவில்லை. ஒரு சீட்டும் ஒரு மெழுகுதிரியும் அதை அம்மாவின் வாயிலிருந்து எடுத்துவிட்டன, நான் வீட்டில் இல்லாத நேரத்தில்.

அன்றிரவு உறையைக் கொட்டி மீதி இருந்த சிவப்பு நாட்களை எல்லாம் திருப்பி எழுதினேன். இந்த முறை தனியே எழுதவில்லை, அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, "இவையோட என்ன செய்ய உங்களுக்கு விருப்பம்?" என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். மண்ணெண்ணெய் இல்லாத ஜாம்போத்தல் விளக்கு, உள்ளே மின்கல மெழுகுதிரி, வெளியே ஒட்டிய வண்ணத்தாள்: அது 16ஆம் திகதி. மட்டைப்பெட்டியில் பாலன் குடில்: 17. தென்னோலைக்குப் பதில் மண்ணிறத் தாளைக் கீறிக் கிடுகு பின்னக் காட்டிக்கொடுத்தார். முயல் சாப்பாடு விற்கிற கடையில் வைக்கோல் ஒரு பொதி வாங்கினோம். கொக்கான் விளையாட்டு: 18. கல்லுக்குப் பதில் நிக்கொலாஸ் சப்பாத்தில் வைத்துவிட்டுப்போன கொட்டைகளில் ஐந்து. என் மகள் மூன்றாம் கொக்கானில் நிற்கிறாள், அம்மம்மா 70 வயதில் இன்னும் பத்துவரை தவறாமல் எடுக்கிறார்.

பலகாரத்தை மட்டும் ஒரே நாளில் வைக்கவில்லை. பயத்தம் பணியாரம் ஒரு பின்னேரத்தில் முடியாது, முடிக்கப் பார்த்தால் பெரியவர்கள் செய்ய, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 19ஆம் பையில் ஓர் அரிதட்டின் படம்: அம்மா வறுத்து அரைத்த பயத்தம் மாவைப் பிள்ளைகள் அரிப்பது. 21 சனிக்கிழமை, பச்சை நாள்: வறுத்த தேங்காய்ப்பூ, சர்க்கரைப் பாணி, ஏலம், மிளகு, சீரகம் சேர்த்துக் குழைத்து உருண்டை பிடிப்பது அவர்கள், மஞ்சள் போட்ட அரிசிமாக் கரைசலில் தோய்த்துப் பொரிப்பது நாங்கள். 22ஆம் பையில் அழகான தாள் உறைகள் ஆறு: கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது. முதல் உறை மேல்மாடிக்கு. இப்படி ஒரு வேலையை மூன்று பைக்குப் பகிர்ந்தால் சின்னக் கைகளுக்கும் பங்கு கிடைக்கும், அடுத்த நாளுக்காகக் காத்திருக்கக் காரணமும் கிடைக்கும். 2023இல் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்தவன், பிடித்த உருண்டைகளை மறைத்து மூடிய துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றையும் எடுக்காமல் திரும்ப மூடினதை நான் கண்டேன்.

பையைத் திறப்பதில் சண்டை வராமல் ஒற்றை இலக்கம் மூத்தவளுக்கு, இரட்டை சின்னவனுக்கு என்று பிரித்திருந்தோம். 24 இரட்டை என்பதை மூத்தவள் 2ஆம் திகதியே கவனித்துவிட்டாள். அந்த வழக்கு மூன்று கிழமை நடந்தது. கடைசியில் அவர்களே 24ஐ அம்மம்மாவுக்குக் கொடுப்பதாக முடிவெடுத்தார்கள். பைக்குள் ஒரு துணிப்பொதி, அதற்குள் குடிலுக்கான பாலன் சொரூபம். பூசைக்குப் போகமுன் அம்மா அதை வைக்கோலில் வைத்தார். பக்கத்தில் சாடியில் செறிக்கிளை நின்றது. முதல்நாள்தான் இரண்டு மொட்டு விரிந்திருந்தன, மற்றவை இன்னும் இறுகியபடி.

ஜனவரி 6 கழிந்ததும் தடியை உருவி, துணியை 30 பாகையில் தோய்த்தேன். தையல் ஒன்றும் விடவில்லை. சாயம் இரண்டு இடத்தில் போய்விட்டது, 17இன் 7 பாதி அழிந்திருக்கிறது, 12இன் 2 மங்கல். நாவல் சாறிப் பை ஒன்றில் நூல் பிரியத் தொடங்கியிருக்கிறது, உள்ளே சின்னத் துணி வைத்து ஒட்டுப்போடவேண்டும். செய்யாமல் மிஞ்சிய சீட்டுகள் ஐந்து உறைக்குள் இருக்கின்றன, காட்டு நடை உட்பட. அதில் இப்போது "சனிக்கிழமை, காலை" என்று சேர்த்து எழுதியிருக்கிறேன். மடித்து வைத்த துணிக்கு மேல் மூத்தவள் ஒரு தாளை ஊசியால் குத்திவிட்டிருக்கிறாள்: "7ஐயும் 2ஐயும் திருப்பி வெட்டவேணும். மறக்கவேண்டாம்."